சான்று தர வேண்டியவர் யார்?

“நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு என்ன சான்று?”

இக்கேள்வியை வழியில் போகும் ஒருவன் கேட்டால் அவனைப் பித்தன் என்போம். தத்துவம் பயின்றவன் கேட்டால் தலையசைத்துச் சிந்திப்போம். ஓர் அலுவலகம் கேட்டால்? சிந்திப்பதுமில்லை, சிரிப்பதுமில்லை. காகிதம் தேடிக் காலையிலிருந்து மாலைவரை ஓடுகிறோம்.

பிள்ளைச்சாவடியில் ஒரு மூதாட்டி. புதுவைக்கு வடக்கே, காலாப்பட்டை அடுத்த கடலோரச் சிற்றூர் அது. அம்மையாரின் கணவர் நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் தறியோடு தறியாக நின்று தேய்ந்தவர். மறைந்து பல ஆண்டுகளாயின. அவர் உழைத்த நாளில் அவர் பெயரால் ஒதுக்கப்பட்ட பணத்திலிருந்து மனைவிக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்தைச் சற்றே தாண்டிய தொகை. பெரிய பணமன்று; ஆனால் அரிசிக்கும் மருந்துக்கும் அதுவே பற்றுக்கோடு.

ஒரு மாதம் அது வரவில்லை. மறுமாதமும் வரவில்லை. விசாரித்தபோது, “உயிர்ச்சான்று புதுப்பிக்கப்படவில்லை” என்றார்கள். சேவை மையத்துக்குச் சென்று கருவியின்மேல் விரலை வைத்தார். பொருந்தவில்லை என்றது கருவி. கட்டைவிரல் போயிற்று, சுட்டுவிரல் வந்தது. வலக்கை போயிற்று, இடக்கை வந்தது. எதுவும் பொருந்தவில்லை. வாழ்நாளெல்லாம் மீன் அரிந்து, உப்பில் ஊறி, வெயிலில் கருவாடு புரட்டிய கை. அதில் ரேகை எங்கே இருக்கும்? உழைத்ததால் ரேகை அழிந்தது. ரேகை அழிந்ததால் உழைப்பின் பயன் நின்றது!

கைரேகை பார்த்து ஆயுளைச் சொல்பவனை ஏமாற்றுக்காரன் என்று மேடைதோறும் பேசியிருக்கிறோம். இங்கே ஒரு கருவி, கைரேகை பார்த்து ‘ஆயுள் இல்லை’ என்றே சொல்லிவிட்டது. சோதிடம் வேறு, அறிவியல் வேறு என்பதை அறிவோம். விரல்ரேகை ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. அந்த உண்மையை ஆட்சிப் பணியில் புகுத்திய முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி. 1877ஆம் ஆண்டில், வங்காளத்து ஊக்ளியில், இறந்தவர் பெயரால் பிறர் ஓய்வூதியம் பெறுவதைத் தடுக்க அவர் விரல்ரேகையைப் பதிவு செய்யச் செய்தார். ஆக, ஓய்வூதியத்துக்கும் விரலுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம். செத்தவர் பெயரில் பணம் எடுப்பவனைப் பிடிக்கப் பிறந்த கருவி, வாழ்பவரைச் செத்தவராக்கியது எப்படி என்பதே நம் கேள்வி.

அம்மையாரை அழைத்துக்கொண்டு நாம் நகரத்து அலுவலகத்துக்குப் புறப்பட்டோம். பிள்ளைச்சாவடி புதுவை மண். புதுவை நகரமும் புதுவை மண். ஆனால் இடையில் பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் தமிழ்நாட்டு மண். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் பங்குபோட்டுக் கிழித்த கோடு இன்றும் கிடக்கிறது. சொந்த மாநிலத்திலிருந்து புறப்பட்டு, அண்டை மாநிலத்தைக் கடந்து, மீண்டும் சொந்த மாநிலத்தில் இறங்கினால்தான் அம்மையார் தாம் வாழ்வதைச் சொல்ல முடியும்.

அலுவலகத்தில் கூட்டம். நமது முறை வந்தபோது புதிய தடை ஒன்று முளைத்தது. ஆலையின் ஏட்டில் கணவரின் பெயர் ஒருவிதம். அம்மையாரின் அட்டையில் அதே பெயரின் வாலில் ஒரு ‘சாமி’ ஒட்டிக்கொண்டிருந்தது. “இருவரும் ஒருவர்தான் என்பதற்கு ஆலை நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டும்” என்றார் அலுவலர். சாமி குறுக்கே வந்ததால் நின்றுபோன காரியம் இந்நாட்டில் இது முதலாவதன்று. ஆனால் இந்தச் சாமியைச் சொற்பொழிவால் விரட்ட முடியாதே!

ஆலை நிர்வாகத்தின் கையெழுத்துக்கு எங்கே போவது? புதுவையின் புகழ்பெற்ற பஞ்சாலைகள் மூடிக் கிடக்கின்றன. ஏ.எப்.டி. ஆலையும், சுதேசி, பாரதி ஆலைகளும் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டன. 1936 ஜூலை 30ஆம் நாள், இந்நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாயினர். அந்தக் குருதி காயுமுன், 1937இல், எட்டு மணி நேர வேலை என்பது இம்மண்ணில் சட்டமாயிற்று. அப்படிப்பட்ட ஊரில், ஆலைத் தொழிலாளியின் மனைவி, மூடிய ஆலைக் கதவின்முன் நின்று ‘என் கணவர் பெயர் இதுதான் என்று எழுதிக் கொடுங்கள்’ என யாரைக் கேட்பார்? துருப்பிடித்த பூட்டையா?

“வேறு பழைய காகிதம் எதுவும் வீட்டில் இல்லையா?” என்று கேட்டார் அலுவலர்.

“வீடே இல்லையே, ஐயா! கடல் எடுத்துக்கிச்சு” என்றார் அம்மையார்.

அது உவமையன்று. பிள்ளைச்சாவடிக் கரையைக் கடல் தின்றுகொண்டு வருகிறது. கரையோர வீடுகள் இடிந்து வீழ்ந்ததை ஊர் கண்டிருக்கிறது. கடலுக்கு ஏன் இந்தப் பசி? 1980களின் இறுதியில் புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில், துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல், சுவரில் முட்டி நின்றது. மணல் வராத வடகரை மெலிந்தது. மெலிந்த கரைக்குக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் பிழைத்தது, அதற்கு வடக்கே அரிப்பு தொடர்ந்தது என்கின்றனர் கடலோரத்தை ஆராய்ந்தவர்கள். அரசு கட்டிய சுவரால் கரை தேய்ந்தது. கரை தேய்ந்ததால் வீடு போயிற்று. வீட்டோடு பெட்டி போயிற்று. பெட்டியோடு காகிதம் போயிற்று. அந்தக் காகிதத்தைக் காட்டு என்கிறது அதே அரசு!

இச்செய்தியை மறுநாள் ஆசிரியர் அறையில் கூறினோம். நண்பர் ஒருவர் புன்முறுவலுடன் ஒரு கேள்வியை வீசினார்.

“நீங்கள் பகுத்தறிவாளர். எதற்கும் சான்று கேட்பவர். சொர்க்கம் உண்டென்றால் சான்று எங்கே என்பீர். பேய் உண்டென்றால் காட்டு என்பீர். அலுவலகமும் அதைத்தானே கேட்கிறது? நீங்கள் கேட்டால் அறிவு. அவர்கள் கேட்டால் கொடுமையா?”

தோழர்களே! எளிதில் ஒதுக்கக் கூடிய கேள்வியன்று இது. சான்று கேட்பதே நம் கொள்கையின் உயிர்நாடி. அதைக் கைவிட்டு, ‘ஏழை சொன்னால் நம்பிவிடு’ என்று இரக்கத்தின் பெயரால் வாதாடினால், நாளை பக்தியின் பெயரால் வாதாடுபவனுக்கு என்ன விடை சொல்வோம்? எனவே இரக்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, அறிவின் தளத்திலேயே நின்று விடை தேடினோம். இரண்டு உரைகற்கள் கிடைத்தன.

முதல் உரைகல்: சான்று எதற்காகக் கேட்கப்படுகிறது? உண்மையை அறிவதற்கா, சடங்கை முடிப்பதற்கா?

உண்மையை அறிய விரும்புகிறவன் கண்முன் வரும் சான்றை ஒதுக்கமாட்டான். அம்மையார் சன்னலுக்கு வெளியே நிற்கிறார், பேசுகிறார், இருமுகிறார். அவர் உயிரோடிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று ஏது? ஆயினும் அலுவலர் ஆளைப் பார்க்கவில்லை. கணிப்பொறித் திரையைப் பார்த்தார். திரையில் ‘இல்லை’ என்றிருந்தது. ஆளும் ஏடும் முரண்பட்டபோது ஏட்டை நம்பினார். கண்ணால் காண்பதை விட்டு ஏட்டில் எழுதியதைப் பிடித்துக்கொள்வதற்குத்தானே சாத்திரப் பித்து என்று பெயர் வைத்தோம்? ஓலையில் எழுதியிருந்தால் அது மூடநம்பிக்கை, திரையில் எழுதியிருந்தால் பகுத்தறிவு என்று ஆகிவிடுமா?

ஏடு என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று, மனிதன் எழுதியது. அவசரத்தில் எழுதியது, அரைகுறையாகக் கேட்டு எழுதியது எல்லாம் அதில் உண்டு. பிறரைச் சொல்வானேன்? நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டுங்கள். மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்த பிள்ளைகள் பக்கம் பக்கமாக வருவார்கள். கார்த்திகையில் பிறந்தவரும் தை மாதத்தில் பிறந்தவரும் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக, நமக்கு முன்னிருந்த ஆசிரியர்கள் பேனா முனையில் அவர்களுக்கு மறுபிறவி கொடுத்தார்கள். மறுபிறவி இல்லை என்று வாதிடும் நாம், இதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்! அந்தப் பேனா முனை எழுதிய தேதியை வைத்துத்தான் பின்னாளில் ஒருவருக்கு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்று தீர்ப்பு.

அரசே தன் ஏட்டை எப்போதும் நம்புகிறதா? அதுவும் இல்லை. நாட்டு மக்கள் எல்லார் கையிலும் ஆதார் அட்டையைக் கொடுத்தது அரசு. அந்த அட்டை பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் சுற்றறிக்கை விட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றமும், வயதை உறுதிசெய்ய ஆதார் உரிய சான்றன்று என்று கூறியது. தவறென்று சொல்லவில்லை, ஏடும் பிழைபடும் என்று உணர்ந்ததால் வந்த தெளிவு அது. அந்தத் தெளிவு ஏழையின் பக்கம் நியாயம் இருக்கும்போதும் வர வேண்டாமா?

இரண்டாவது உரைகல் இதனினும் கூர்மையானது: மெய்ப்பிக்கும் சுமை யார் தோளில்?

களவு செய்தான் என்று ஒருவனைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். ‘நான் திருடவில்லை’ என்று அவன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ‘நீ திருடினாய்’ என்று அரசுதான் மெய்ப்பிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பயன் அவனுக்கு. நாகரிக உலகம் நெடுங்காலம் போராடிப் பெற்ற அறநெறி இது. ஆனால் ஓய்வூதியச் சன்னலில்? ஐயம் எழுந்தால் அதன் சுமை மூதாட்டிக்கு. களவு செய்தவன் என்று ஐயுறப்பட்டவனுக்குக் கிடைக்கும் மதிப்பு, உழைத்தவனின் மனைவிக்குக் கிடைக்கவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் இரண்டு நெறிகளை வகுத்தது. ஒரு செய்தி எவருடைய தனி அறிவுக்குள் இருக்கிறதோ, அவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது ஒன்று. முப்பது ஆண்டுகளுக்குள் உயிரோடிருந்ததாக அறியப்பட்டவர் இறந்துவிட்டார் என்று எவர் சொல்கிறாரோ, அவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது மற்றொன்று. செய்தி அறிந்திருக்க வேண்டிய உற்றார் ஏழாண்டுக் காலம் ஒன்றும் அறியாதிருந்தால் மட்டுமே சுமை மாறும். 2023இல் இயற்றி, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் இந்நெறிகளை அப்படியே தாங்கியிருக்கிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். நீதிமன்றத்தில் சட்டம் சொல்கிறது: மனிதன் உயிரோடிருக்கிறான் என்றே கொள், இறந்தான் என்பவன் மெய்ப்பிக்கட்டும். ஓய்வூதியச் சன்னலில் விதி சொல்கிறது: ஓராண்டு சான்று வரவில்லையா? பணத்தை நிறுத்து, உயிரோடிருக்கிறேன் என்பவர் வந்து மெய்ப்பிக்கட்டும்.

இனி மறுபக்கம் பாருங்கள். பிள்ளைச்சாவடி மீனவர் ஊர். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை என்றால் வீட்டில் உள்ளவர் விபத்துக் காப்பீடு கேட்டுச் செல்வர். இறப்புச் சான்றிதழ் எங்கே என்பது முதல் கேள்வி. உடல் இல்லாமல் சான்றிதழ் ஏது? கடல் காகிதம் எழுதித் தருவதில்லையே! அப்போது அதே ஏழாண்டு விதி எழுந்து நிற்கிறது.

இதுதான் நாம் கண்ட உண்மை: பணத்தை நிறுத்த வேண்டுமானால், ஓராண்டு மௌனம் சாவுக்குச் சமம். பணத்தைக் கொடுக்க வேண்டுமானால், ஏழாண்டு மௌனமும் போதுமா என்று ஐயம். ஒரே சாவுக்கு இரண்டு அளவுகோல்! எந்த அளவுகோல் எடுத்தாலும் இழப்பவர் ஏழையே. உண்மையைத் தேடும் சான்றானால் அளவு ஒன்றாக இருக்கும். பணத்தைத் தேக்கும் சான்றானதால்தான் அளவு இரண்டானது. நண்பர் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. நாம் கேட்பது உண்மைக்குச் சான்று. எவர் சொன்னாலும், எமக்கு ஆதாயமானாலும் இழப்பானாலும், ஒரே அளவில் கேட்பது. அலுவலகம் கேட்பது அதுவன்று.

விதி வளையாதது என்பாரும் உளர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. 2017 இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கரையையும் கேரளக் கரையையும் சூறையாடியது. அப்போதெல்லாம் காணாமற்போனோரின் குடும்பங்களை ஏழாண்டு காக்கவைக்காமல் அரசுகள் வழி வகுத்தன. விதி வளைந்தது, நாடு கவிழ்ந்துவிடவில்லை. நூறு குடும்பங்கள் ஒன்றாக அழுதால் வளையும் விதி, ஒரு குடும்பம் தனித்து அழுதால் வளையாதா? அழுகையின் ஓசையைக் கொண்டா அறத்தை அளப்பது?

“கொடுப்பது அரசு, கேட்பவர் காத்திருக்கத்தானே வேண்டும்?” என்று சொல்வோர்க்கு ஒரு சொல். இது கொடையன்று, கடன்.

1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமைக் காப்பீடு. தொழிலாளிமேல் கொண்ட அன்பினால் மட்டுமன்று. கிளர்ந்து வந்த சமதர்ம இயக்கத்தின்மேல் கொண்ட அச்சத்தினாலும்தான். இந்நாட்டில் பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அறிக்கை தந்தார். 1948இல் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. மக்கள் வாயில் அது இ.எஸ்.ஐ. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் வருங்கால வைப்பு நிதிச் சட்டம். 1971இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம். 1995 நவம்பரில் அதன் இடத்தில் ஊழியர் ஓய்வூதியத் திட்டம். இத்திட்டத்தில் குறைந்த ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது 2014 செப்டம்பரில். 2020இல் ஒன்பது சட்டங்களைச் சேர்த்து ஒரே சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இயற்றினார்கள். ஒன்பது சட்டங்கள் ஒன்றாகிவிட்டன. சன்னல்கள் ஒன்றாவது எந்நாளோ?

இத்தனை திட்டங்களிலும் பணம் எங்கிருந்து வந்தது? தொழிலாளியின் கூலியிலிருந்தும், அவன் உழைப்புக்கென முதலாளி ஒதுக்கிய பங்கிலிருந்தும். அந்த நாளில் அவனிடம், ‘உன் பெயரின் வாலில் சாமி உண்டா? உன் விரலில் ரேகை உண்டா?’ என்று எவரும் கேட்கவில்லை. பிடிக்கும்போது பெயர் தடையாகவில்லை, கொடுக்கும்போது தடையாகிறது. வாங்கும் கை விரைவாகவும் வழங்கும் கை தயங்கியும் நீண்டால் அதற்கு அற நூல்களில் என்ன பெயர்?

1982 டிசம்பர் 17ஆம் நாள், நகரா வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் அருளன்று, செய்த பணிக்கான உரிமை என்று நிலைநாட்டியது. அது அரசு ஊழியர் பற்றிய வழக்கு. ஆனால் அந்த நீதி தறிக்காரனுக்குப் பொருந்தாது என்று சொல்ல எந்த நெஞ்சம் துணியும்? உரிமையைக் கேட்க வந்தவரை இரவலர்போல் நிற்கவைப்பதுதான் இங்கே நடக்கும் பெருந்தீங்கு. பணம் தாமதமாவது வயிற்றைத் தாக்கும். கெஞ்சவைப்பது தன்மானத்தைத் தாக்கும். ‘நிறுத்திவைத்தோமே தவிர நீக்கவில்லை; சான்று வந்தால் நிலுவை முழுதும் வரும்’ என்பார்கள். உண்மைதான். பணத்தை நிலுவையில் வைக்கலாம். பசியை நிலுவையில் வைக்க முடியுமா?

மோசடியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இறந்தவர் பெயரில் பணம் எடுப்போர் உண்டு. அது பொதுப்பணத் திருட்டு. ஆனால் சாவைப் பதியும் ஏடு யாரிடம் இருக்கிறது? 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் பதிவது அரசு. ஓர் அறையில் சாவு ஏடு. மறு அறையில் ஓய்வூதிய ஏடு. தன் இரண்டு அறைகளுக்கிடையே ஓடும் சேவகராக முதியவரை வைத்திருக்கிறது அரசு.

சரி, ஏடுகளை இணைத்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. உத்தரப் பிரதேசம் ஆசம்கரைச் சேர்ந்த லால் பிகாரி என்பவர், நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவினரால் அரசு ஏட்டில் இறந்தவராக எழுதப்பட்டார். 1975 முதல் 1994 வரை ஏட்டில் அவர் பிணம். ‘இறந்தவர்’ என்னும் சொல்லையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, தம்மைப்போல் ஏட்டில் மாண்டோருக்கு ஒரு சங்கமே கண்டு, தேர்தலிலும் நின்று, உயிரோடிருப்பதைப் பறைசாற்றினார். மனிதனை ஏட்டில் கொல்ல ஒரு வரி போதும். மீண்டும் பிழைக்கப் பத்தொன்பது ஆண்டுகள்!

எனவே நாம் வேண்டுவது புதிய ஏடன்று, ஒரு நெறி. நிறுத்துவதற்கு முன் நேரில் போய்ப் பார். அவ்வளவே. அரசால் அது முடியாதா? 2014 நவம்பரில் மின்னணு உயிர்ச்சான்று வந்தது. 2020 நவம்பரில் அஞ்சல்காரர் வீடு தேடிச் சென்று உயிர்ச்சான்று பெறும் ஏற்பாடு வந்தது. 2021 நவம்பரில், விரலுக்குப் பதிலாக முகத்தையே காட்டிச் சான்று பெறும் வழியும் வந்தது. வழி இருந்தது. அந்த வழியை அம்மையாரிடம் சொல்ல ஒரு வாய் இல்லை. ரேகை பொருந்தவில்லை என்று சொன்னவர்கள், முகம் பொருந்தும் என்று சொல்லவில்லை.

அப்படியானால் சன்னலுக்கு உள்ளே இருப்பவர் கொடியவரா? அப்படிச் சொல்லிவிட்டால் கட்டுரை எளிதில் முடியும், உண்மை முடியாது. காப்கா என்னும் எழுத்தாளரை இலக்கிய அன்பர் அறிவர். 1908 முதல் 1922 வரை பிராகு நகரில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அவர் அலுவலர். அலுவலக இருட்டை அவ்வளவு தெளிவாகக் கண்ட அந்தக் கண்கள், சன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்த கண்கள்தாம். உள்ளே இருப்பவரும் சட்டத்தின் கைதியே. விதியை மீறிக் கொடுத்தால் தணிக்கை கேட்கும். கொடுக்காமலிருந்தால் எவரும் கேட்பதில்லை. தவறாகக் கொடுத்ததற்குத் தண்டனை உண்டு, தவறாக மறுத்ததற்கு இல்லை என்று ஓர் அமைப்பு இருந்தால், நல்லவரும் அதில் மறுப்பவராகவே மாறுவர்.

ஆயினும் மனிதர் முற்றிலும் இயந்திரமாகிவிடுவதில்லை. பத்தாம் மாதம், நான்காம் முறை நாம் சென்றபோது, சன்னலில் வேறோர் அலுவலர் இருந்தார். நடுத்தர வயது அம்மையார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரு செயல் செய்தார். எழுந்தார்.

அவ்வளவுதான். நாற்காலியைவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து, தூசி படிந்த கோப்பு ஒன்றுடன் திரும்பினார். கணவர் ஓய்வுபெற்றபோது கொடுத்த விண்ணப்பம் அதில் இருந்தது. விண்ணப்பத்தோடு கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் நிழற்படம் கொடுக்க வேண்டும் என்பது விதி. படம் இருந்தது. பெயர் இருந்தது. படத்தில் உள்ள முகம் சன்னலுக்கு வெளியே நின்றது. கைப்பேசியில் முகத்தைப் பதிந்தார்கள், பொருந்தியது. நிலுவையும் சில வாரங்களில் வந்துசேர்ந்தது.

பத்து மாதம் நாம் ஊரெல்லாம் தேடிய சான்று, பத்தடி தொலைவில் அவர்கள் அலமாரியிலேயே இருந்தது! ஏடு யாரிடமோ அவரிடமே சுமை என்று சட்டம் சொல்வதன் பொருள் இதுதான். அறம் என்று பெரிதாகப் பேசுகிறோம். சில வேளைகளில் அறம் என்பது நாற்காலியைவிட்டு எழுவது.

மூதாட்டி அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கிட்டது இது ஒண்ணுதான், தம்பி. வீட்டுல இருந்தது கடலோட போயிடுச்சு. இதை எனக்குத் தருவாங்களா?”

தர முடியாது, அது அரசு ஆவணம். எழுந்து சென்ற அந்த அலுவலர் தம் கைப்பேசியில் அதைப் படமெடுத்து நமக்கு அனுப்பினார். பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுத்தோம். இன்று உறவினர் வீட்டுச் சுவரில், கடலுக்கு எட்டாத உயரத்தில், அது தொங்குகிறது.

இளைஞர்களே! படித்தவர் என்பதால் விண்ணப்பம் எழுதித் தருமாறு ஊரார் நம்மை நாடுவர். எழுதித் தருவோம். ஆனால் அத்தோடு நிற்பது, நல்ல மனம் படைத்த புரோகிதனாக நாம் மாறுவதே ஆகும். புரியாத மந்திரத்தைப் பிறர்க்காக ஓதுவது போன்றது. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்க்கே விளக்குவோம். ‘இல்லை’ என்று சொன்னால், ஏன் இல்லை என்பதை எழுத்தில் கேட்கக் கற்பிப்போம். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய்க் கட்டணத்தில், முப்பது நாளில் விடை பெறும் உரிமையைக் குடிமகனுக்குத் தந்திருக்கிறது. அலுவலகமே, உன் அலமாரியில் என்ன இருக்கிறது என்று முதலில் நீ சான்று காட்டு என்று கேட்பதற்கு அது ஒரு சாவி.

நாளை நம்மில் பலர் சன்னலுக்கு உள்ளே அமரப்போகிறோம். தேர்வு எழுதி, பணி பெற்று, நாற்காலியில் சாய்வோம். அப்போது வெளியே நிற்கும் ஒரு முகமும் திரையில் தெரியும் ஒரு வரியும் முரண்பட்டால், எதை நம்புவது என்ற கேள்வி நம்முன் வரும். பகுத்தறிவு மேடையில் சோதிக்கப்படுவதில்லை. அந்தச் சன்னலில் சோதிக்கப்படுகிறது.

அன்று நாம் எழுவோமா?